நாலு பென்ரோர்ச் பற்றறி

பரந்தன் சந்தியில் இருந்து கொஞ்சம் தள்ளி என் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு மேசை, ஈயம் பற்றவைக்கிற கோல் இரண்டு, சுவர் முழுக்கத் தொங்கும் பழைய போர்டுகள். ஃபோன் திருத்துவதில்தான் சோறு. விளையாட்டுப் பெட்டிகள் மாதத்துக்கு நாலைந்து வரும். அவற்றைக் கொண்டுவருகிற பொடியன்கள் தந்துவிட்டு உடனே போக மாட்டார்கள், வாங்கில் இருந்து கதைப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

போன கிழமை இரண்டு பேர் வந்திருந்து பிளேஸ்டேஷன் 5 திறமா, எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் திறமா என்று மல்லுக்கட்டினார்கள். ஒருவன் எக்ஸ்பொக்ஸின் வேகம் 12 டெராஃப்ளொப் என்கிறான். மற்றவன் 10.28 காணும், எங்கட டிஸ்க் ஒரு செக்கனுக்கு 5.5 கிகாபைட் இழுக்கும் என்கிறான். இரண்டு பேரிடமும் இரண்டு பெட்டியும் கிடையாது. திருத்தக் கொண்டுவந்தது பட்டன் இறுகிப்போன பழைய கொன்ட்ரோலர் ஒன்று. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்களே சொல்லுங்கோ, எது திறம்?" என்றார்கள்.

"எத்தினை பற்றறி போடும் எண்டு சொல்லுங்கோ, பிறகு சொல்லுறன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

போர் நடந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி அரசாங்கம் தடைசெய்த பொருள். இப்போது அதை ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தோம். எனக்குப் பத்து வயது. வீட்டில் றேடியோ இருந்தது, அதற்குப் போடப் பற்றறி இல்லை. அப்பா பின்னேரத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். டைனமோவில் இருந்து ஒரு வயர், நடுவில் நாலு டயோட்டு, பிறகு றேடியோ. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. செய்தி முடியும் வரைக்கும் கை ஓயக்கூடாது. மெதுவாகச் சுற்றினால் வாசிப்பவரின் குரல் கரைந்துபோகும், "சுத்தடா!" என்று அப்பா கத்துவார். செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்தோம், துளை போட்டு உப்புத்தண்ணி விட்டோம். ஒரு சாமான் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தோள்மூட்டு நோவில் படித்தேன்.

2002 இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருசம் ஜேர்மனியில் இருந்து சித்தப்பா வந்தார். தன் மகன் விளையாடி அலுத்துப் போட்ட கேம்போய் என்ற கைக்குள் வைத்து விளையாடுகிற பெட்டி ஒன்றை எனக்கென்று கொண்டுவந்தார். சாம்பல் நிறம், கையில் எடுத்தால் ஓட்டுத் துண்டு மாதிரிக் கனம், உள்ளே விழுகிற கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் விளையாட்டு. நாலு பென்ரோர்ச் பற்றறி, அதுதான் சின்ன ஏஏ பற்றறி, போட்டோம். எனக்குப் பதினேழு வயது, ஆனாலும் பழைய பயம் போகவில்லை. எப்போது முடியும், எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டே விளையாடினேன். அது முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. திரைக்கு உள்வெளிச்சம் இல்லாததால் இரவில் குப்பி விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சரிந்து இருந்து விளையாடவேண்டும். அம்மா தலைமயிர் பற்றப்போகிறது என்று ஏசுவா.

அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்த போட்டியைப் பற்றி நான் அறிந்தது பிறகுதான். நிண்டெண்டோ கம்பனியின் கேம்போய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் 12,500 யென்னுக்கு வந்தது. அகலத்துக்கு 160 புள்ளி, உயரத்துக்கு 144. கலர் கிடையாது, பாசி நிறத்தில் நாலு சாயல் மட்டும். அதே வருசம் அட்டாரி கம்பனியின் லிங்ஸ் வந்தது, அது கலர். 1990 இல் சேகாவின் கேம் கியர், அதுவும் கலர், திரைக்குப் பின்னால் சொந்த விளக்கு வேறு. மூன்றையும் கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்தால் கேம்போயை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கேம் கியருக்கு ஆறு பற்றறி, மூன்று தொடக்கம் ஐந்து மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். அந்த விளக்குத்தான் குடிகாரன். கேம்போய் நாலு பற்றறியில் பத்து மணித்தியாலத்தைத் தாண்டும். கேம்போயும் பிறகு வந்த அதன் கலர் மொடலும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி.

பற்றறி வாங்கக் கடை இருந்த ஊர்களிலேயே இந்த நிலைமை. தடை இருந்த ஊரில் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

கேம்போயைச் செய்த குழுவுக்குத் தலைவர் குன்பெய் யொக்கொய். இந்த மனிதரில் எனக்குத் தனிப் பாசம், காரணம் அவர் திருத்துவேலைக்காரர். 1965 இல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அந்தக் கம்பனி விளையாடுகிற காட்ஸ் அடிக்கிற கம்பனி. அந்த மெசின்களைப் பராமரிக்கிற வேலைதான் அவருக்கு. ஓய்வு நேரத்தில் நீண்டு சுருங்குகிற விளையாட்டுக் கை ஒன்றைச் செய்து வைத்திருந்ததை முதலாளி கண்டு, அதை விற்பனைக்குச் செய்யச் சொன்னார். பிறகு ஒருநாள் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கல்குலேட்டர் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததில் இருந்துதான் 1980 இல் கேம் அண்ட் வொட்ச் என்ற சின்னக் கைவிளையாட்டுப் பெட்டி பிறந்தது. கல்குலேட்டர் கம்பனிகள் விலையை அடித்து அடித்து அதற்குப் போட்ட கல்குலேட்டர்த் திரைகள் மலிந்திருந்த காலம். இன்றைக்கும் எல்லாக் கொன்ட்ரோலரிலும் இடது பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சிலுவைப் பட்டனும் அந்தக் குழுவின் வேலை, 1982.

காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று தன் வழிக்கு யொக்கொய் பேர் வைத்திருந்தார். காய்ந்தது என்றால் எல்லோரும் பாவித்துப் பழகி, குறை நிறை தெரிந்து, விலை விழுந்துபோன சாமான். முதன்முதலில் இதை வாசித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தா. பச்சை விறகைக் கொண்டுவந்து போட்டால் அடுப்பு முழுக்கப் புகை, கண்ணீர்தான் மிச்சம். பாலை விறகு காய்ந்து கிடந்தால் ஒரு கொள்ளியில் உலை கொதிக்கும்.

இதை வைத்துக்கொண்டு நிண்டெண்டோக்காரர் எப்போதும் கெட்டிக்காரர் என்று சொல்ல வரவில்லை. அதே யொக்கொய் 1995 இல் வேர்ச்சுவல் போய் என்று ஒன்றைச் செய்தார். கண்ணை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும், எல்லாம் சிவப்பு. மலிந்த சிவப்பு விளக்குகளை வைத்துச் செய்ததுதான், அதுவும் காய்ந்த விறகுதான். ஒரு வருசம் தாங்கவில்லை.

சரி, ரிவி கேம் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் கிளிநொச்சிப் பொடியன்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

பாதை திறந்த பிறகு கொழும்புச் சாமான்களோடு, ரிவியில் பூட்டி விளையாடுகிற ரிவி கேம் பெட்டி வந்தது. நாங்கள் அதற்குக் கம்பனிப் பேர் கேட்கவில்லை, அதற்குக் கம்பனியும் இல்லை. அதற்குள் குத்துகிற, விளையாட்டுகள் அடங்கிய மஞ்சள் கசற் ஒன்று வரும், மேலே 9999 விளையாட்டு என்று எழுதியிருக்கும், போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஒழுங்கையில் ரேடியோ மாமா என்று ஒருவர் இருந்தார். வீட்டுக்குக் கரண்ட் இல்லாத நாட்கள். அவர் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த 7805 என்ற மூன்று கால் பூச்சியைக் காட்டி, "தம்பி, இவர் எதைக் குடுத்தாலும் அஞ்சு வோல்ட் ஆக்கித் தருவார்" என்றார். கார் பற்றறியின் 12 வோல்ட்டை நேரே அதற்குக் கொடுத்தார். அதே பற்றறியில் பதினாலு இஞ்சிக் கறுப்பு வெள்ளை ரிவி. மணித்தியாலம் 20 ரூபா. பூச்சி சூடேறினால் அதன் முதுகில் ஈரத்துணி. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த மூன்று கால் பூச்சியும் ஒரு காரணம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு அப்பன் இருந்தார் என்பது கனகாலம் கழித்துத்தான் தெரியும். நிண்டெண்டோவின் ஃபமிகொம், 1983 ஜூலை 15, விலை 14,800 யென். அதே நாளில் சேகாவும் தன் முதற்பெட்டி எஸ்ஜி-1000 ஐ விற்பனைக்கு விட்டது. ஒரே நாளில் இரண்டு கல்யாணம். ஒன்றுக்குக் கூட்டம் நெரிந்தது, மற்றதற்குப் பந்தலில் ஆட்கள் இல்லை. ஃபமிகொமை உலகம் முழுக்கப் பார்த்தடித்தார்கள். உள்ளே இருந்த சிப் முழுவதையும் ஒன்றாக்கி, மேலே கறுத்தப் பசைக் குமிழ் ஒன்றை ஊற்றி மூடிவிட்டார்கள். அந்தக் குமிழ்தான் வன்னிக்கு வந்தது. ஜப்பானில் நடந்த போட்டியில் வென்றவன் யார் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வென்றவனின் கள்ளக்கொப்பி மட்டும் வந்து சேர்ந்தது.

சொனி இந்தச் சண்டைக்குள் வந்த விதம் எங்கள் ஊர்க் காணிச் சண்டை மாதிரி. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபமிகொமுக்குச் சத்தச் சிப் செய்து கொடுத்தவர் சொனியின் கென் குத்தராகி. அந்தப் பழக்கத்தில், அந்தப் பெட்டிக்கு சீடி பூட்டுவதென்று இரண்டு கம்பனிக்கும் பேச்சு. 1991 ஜூனில் சிக்காகோக் கண்காட்சியில் சொனி அதை மேடையில் அறிவித்தது. அடுத்த நாள் நிண்டெண்டோ அதே கண்காட்சியில் எழும்பி, நாங்கள் பிலிப்ஸோடு சேருகிறோம் என்றது. நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த நாள் மாப்பிள்ளை வேறு வீட்டுப் படலையைத் திறந்த மாதிரி. அந்த ரோசத்தில் சொனி தனியே செய்ததுதான் பிளேஸ்டேஷன், 1994 டிசம்பர் 3.

1995 மே மாதம் அமெரிக்காவில் சேகா தன் சட்டர்ன் பெட்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் இறக்கி, 399 டொலர் என்று முழங்கியது. சொனிக்காரர் மேடைக்கு வந்து 299 என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அவ்வளவுதான் பேச்சு. சந்தையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் அமைதி விளங்கும்.

1996 இல் வந்த நிண்டெண்டோ 64 கசற்றையே பிடித்துக்கொண்டது. அதுவும் பழகிய தொழில்நுட்பம்தானே, ஏன் தோற்றது? கசற் ஒன்று செய்யக் காசு கூட, உள்ளே பிடிப்பது ஆகக் கூடினால் 64 மெகாபைட். சீடியில் 650 போகும், அடிக்கிற செலவும் சொற்பம். ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற விளையாட்டு மூன்று சீடியில் பிளேஸ்டேஷனுக்குப் போனது அதனால்தான். காய்ந்த விறகுக்கும் உளுத்த விறகுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சேகாவை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலை. 1998 இல் அவர்கள் விட்ட டிரீம்காஸ்டுக்குள் மொடெம் இருந்தது. ஃபோன் லைனில் பூட்டி வெளியூர் ஆட்களோடு விளையாடலாம். அப்போது எங்கள் பக்கம் ஒரு ஃபோன் கதைக்க வரிசையில் நிற்கவேண்டும். அவ்வளவு முன்னுக்கு யோசித்தவர்கள் 2001 ஜனவரியில், இனிமேல் பெட்டி செய்ய மாட்டோம் என்று அறிவித்தார்கள். இப்போது நிண்டெண்டோ பெட்டிக்கே விளையாட்டுச் செய்து கொடுக்கிறார்கள்.

மீள்குடியேறிய 2010 இல் இருந்து இங்கே பிளேஸ்டேஷன் 2 ராச்சியம். பத்து வயதான பெட்டி, அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. உலகத்தில் 16 கோடி விற்ற பெட்டி அது. கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்டதெல்லாம் இங்கே வந்து கிரிக்கெட் விளையாடியது. டிவிடி படமும் ஓடும் என்பதால் அம்மாமார் ஏசவில்லை, அவர்களே முன்னுக்கு இருந்து படம் பார்த்தார்கள். நான் அதைக் கழற்றிப் பார்த்துப் படித்தபோது ஒன்றைக் கண்டு அசந்துபோனேன். பழைய பிளேஸ்டேஷனின் மூளைச் சிப்பைப் புதுப்பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். பழைய சீடி போட்டால் அதுதான் ஓட்டும். புதுவிளையாட்டுப் போட்டால் சும்மா இருக்காது, கொன்ட்ரோலரையும் மெமரி கார்டையும் பார்த்துக்கொள்ளும். யொக்கொய் கண்டிருந்தால் தலையாட்டியிருப்பார். பாவம், 1997 இல் வீதி விபத்தில் செத்துப்போனார்.

வெளிநாட்டுப் பெட்டி வந்த காலத்தில் எனக்கு நல்ல உழைப்பு. வட அமெரிக்காவில் இருந்து வந்த பழைய பெட்டிகளில் கனக்க 110 வோல்ட்டுக்குச் செய்தவை. எங்கள் சுவரில் 230. மாமி ஆசையாக அனுப்பியதைப் பொடியன் பிளக்கில் குத்துவான், டப் என்று ஒரு சத்தம், பிறகு மணம், பிறகு என் கடை. பெட்டியில் பிழை இல்லை, பின்பக்கம் எழுதியிருந்தது, ஒருவரும் வாசிக்கவில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுத் தப்பினவர்களுக்குப் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அங்கே ரிவியின் கலர் முறை என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). "கலர் எங்கே அண்ணை?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

2006 இல் திரும்பவும் அதே கதை. சொனி பிளேஸ்டேஷன் 3 இன் பெரிய மொடலுக்கு 599 டொலர் கேட்டது. நிண்டெண்டோ தன் முந்திய பெட்டியையே கொஞ்சம் உயர்த்தி, ஆட்டி விளையாடுகிற கோல் ஒன்றைக் கையில் கொடுத்து, வீ என்று பேர் வைத்து 249 டொலருக்கு விற்றது. பத்துக் கோடிக்கு மேல் போனது. மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் 360 ஐ எல்லோருக்கும் முதல் விட அவசரப்பட்டு, சூட்டில் சாகிற பெட்டிகளுக்கு உத்தரவாதம் நீட்டவே 2007 இல் நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. கோல் வென்றதைப் பார்த்து, கோலே வேண்டாம், உடம்பை ஆட்டினால் காணும் என்று கினெக்ட் கமெராவை 2010 இல் இறக்கினார்கள். அதற்கு முன்னால் ஆறடி வெறுமையாக இருக்கவேண்டும். இந்திய வீட்டுத்திட்ட வீட்டின் முன்னறையில் ஆறடி பின்னால் போனால் அரிசி மூட்டை, அதற்குப் பின்னால் அப்பம்மாவின் கட்டில்.

2017 இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்குள்ளும் இரண்டு வருசம் பழசான சிப். 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

2013 இல் மைக்ரோசொஃப்ட், எக்ஸ்பொக்ஸ் வன் ஒரு நாளைக்கு ஒரு தடவை இன்டர்நெட்டில் தலைகாட்டவேண்டும், பாவித்த டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு இருக்கும் என்று அறிவித்தது. அதற்குச் சொனி ஒரு சின்ன வீடியோ விட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்குகிறார், முடிந்தது. எதிர்ப்பைப் பார்த்து மைக்ரோசொஃப்ட் அதே மாதத்தில் பின்வாங்கியது. அந்த வீடியோவைப் பார்த்து நான் தனியே சிரித்தேன். டிஸ்க் கைமாறாவிட்டால் இந்த ஊரில் விளையாட்டே இல்லை. ஒரு டிஸ்க் பரந்தனில் தொடங்கி தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், கீறல் விழுந்து, பற்பசை பூசித் தேய்த்து, திரும்பி வர ஆறு மாதம்.

ஆனால் அன்றைக்கு அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் 2020 இல் டிஸ்க் போட வாயே இல்லாத பெட்டிகளையும் விட்டார்கள். அப்படி ஒன்றுதான் என் மருமகனுக்குப் போன மாதம் வெளிநாட்டில் இருந்து வந்தது. வடிவான பெட்டி, 230 ஐத் தாங்கும், நானே பார்த்துக் குத்தினேன். முதல் விளையாட்டு 100 கிகாபைட்டுக்குக் கிட்ட. அக்கா வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் ஃபோனைப் பலாமரத்தில் கட்டவேண்டும். கட்டினோம். டேட்டாப் பொதி இரண்டு தடவை முடிந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் 41 வீதத்தில் நின்றபோது காற்றும் மழையும் வந்து கரண்ட் போனது.

"மாமா, உங்கட்ட வேற என்ன இருக்கு?" என்றான்.

லாச்சியில் கேம்போய் இருந்தது. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது தையல் மெசினையும் இதையும் பொலித்தீனில் சுற்றி, இதை மட்டும் பிஸ்கட் பேணிக்குள் வைத்து, கிணற்றடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்கட்டுத்தான் அடையாளம். தோண்டினோம். தையல் மெசின் இப்போதும் ஓடுகிறது. கேம்போய் மூச்சுவிடவில்லை. வளைகுடாப் போரில் குண்டுபட்டு முகமெல்லாம் உருகின ஒரு கேம்போய் நியூயோர்க்கில் நிண்டெண்டோ கடையில் கனகாலம் ஓடிக்கொண்டே காட்சிக்கு இருந்தது. என்னுடையதற்குக் குண்டு படவில்லை. அவசரத்தில் பற்றறியைக் கழற்றாமல் புதைத்துவிட்டேன். நாலும் கசிந்து, உள்ளே இருந்த சுருளையெல்லாம் தின்றிருந்தது. பற்றறிக்கு அழுத ஒருவன் செய்கிற வேலையா அது.

பழைய ரோர்ச்சில் இருந்து சுருள் கழற்றிப் பூட்டினேன். திரையில் ஏழெட்டு நெடுக்குக் கோடு விடுபட்டிருந்தது. திரைக்குக் கீழே உள்ள பட்டி வயரில் ஈயக் கோலை மெதுவாக இழுத்துச் சூடுகாட்ட, இரண்டைத் தவிர எல்லாம் திரும்பி வந்தன.

மருமகன் கைவிளக்கின் வெளிச்சத்தில் சரிந்து இருந்து டெட்ரிஸ் விளையாடினான். "ஏன் மாமா லைட் இல்லை?" என்று மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவை கேட்கவில்லை, கட்டைகள் வேகமாக விழத் தொடங்கியிருந்தன.

பின்பக்கத்துப் பற்றறி மூடி மட்டும் இல்லை. பிஸ்கட் பேணிக்குள்ளும் இருக்கவில்லை, கிடங்கிலேயே விழுந்திருக்கும். இப்போதைக்குக் கறுத்த டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், வெயிலுக்குப் பசை இளகி வழுக்குகிறது. யாருடைய வீட்டிலாவது சாம்பல் நிறத்தில் உடைந்துபோன கேம்போய் ஒன்று கிடந்தால், மூடியை மட்டும் கழற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் வாருங்கள். விலை பேசுவோம், தேத்தண்ணி என் செலவு.